காலி வீட்டுச் சுத்தம்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. வீடு சுத்தம் செய்துதரும் கம்பெனிக்குப் போன் செய்தால், பெயரைக் கேட்பதற்கு முன்பே போனை எடுக்கும் பெண் கேட்பது இதைத்தான்:

“குடியிருக்கிற வீடா சார், காலி பண்ற வீடா?”

குடியிருக்கிற வீடு என்றால் சாமான்களை நகர்த்தி, துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். மருந்து குறைவாகப் போடுவார்கள். காலி பண்ணுகிற வீடு என்றால் சுவர்வரை தேய்ப்பார்கள். தரையில் கிடப்பதெல்லாம் சாக்குக்குப் போய்விடும். முன்பு யார் இருந்தார்கள் என்று அடுத்து வருகிறவனுக்குத் தெரியக் கூடாது. அதுதான் அந்த வேலையின் லட்சணம்.

இதைக் கேட்டுவிட்டுப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற ஒருவனைப் பற்றி எழுதுகிறேன். ‘நான்’ என்று தொடங்கிய பிரதியைக் கிழித்துவிட்டேன். (கம்ப்யூட்டரில் எதைக் கிழிப்பது. அழித்தேன்.) இனி அவன்.

2

தொடக்கங்கள்:

‘மனைவி போன பிறகு அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் அவள் —’

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் நீங்கள் இப்போதே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வீர்கள். ஆபீஸில் அவன் போதுமான அளவு பார்த்துவிட்ட முகம் அது. லிஃப்டில் கூட வருகிறவர்கள் தரையைப் பார்ப்பார்கள்.

‘சிங்கில் பாத்திரங்கள் மலைபோல் —’

எல்லோர் வீட்டு சிங்கிலும் மலைதான்.

விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். மனைவி இறந்துவிட்டாள். காய்ச்சல். அதற்கு மேல் இந்தக் கதைக்குத் தேவையில்லை. மகளுக்கு இன்னும் நாலு வயது முடியவில்லை. காரியம் முடிந்த அன்றே அவளை மனைவியின் அக்கா நகரத்தின் மறுகோடியில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மாதங்கள் ஆகிவிட்டன. அவன் வாரம் ஒருமுறை போய்ப் பார்ப்பான். போன வாரம் சாப்பிடும்போது மகள் பெரியம்மாவை ‘அம்மா’ என்று கூப்பிட்டாள். கூப்பிட்டவளும் கவனிக்கவில்லை, கூப்பிடப்பட்டவரும் கவனிக்கவில்லை. தண்ணீர் டம்ளர் மட்டும் கை மாறியது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா குழந்தையோடு வருவார். வீடு குழந்தை இருக்கிற மாதிரி இருந்தால் விட்டுவிட்டுப் போவார். இல்லையென்றால் அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார். அவ்வளவுதான் கதை. மற்றதெல்லாம் துடைப்பமும் தண்ணீரும்.

3

பெரியம்மாவை வில்லியாக எழுதிப் பார்த்தேன். கதை வழுக்கிக்கொண்டு போனது. அவருக்கு ஒரு கோணல் சிரிப்பைக்கூடக் கொடுத்தேன்.

நிற்கவில்லை. அவர் தங்கையைப் பறிகொடுத்தவர். தங்கையின் செருப்பை எடுத்துப்போய்த் தன் வீட்டு வாசலில் விட்டிருப்பவர். கேட்டால், கிடக்கட்டும் என்பார். இவரை எப்படி வில்லி ஆக்குவது.

கடைசியாக இந்த வீட்டுக்கு வந்தபோது உட்காராமலே பேசினார். கையில் பையை மாட்டியபடி சுவரையும் சிங்கையும் சோபாவில் குவிந்திருந்த துணியையும் பார்த்தார்.

“தம்பி, நான் பிள்ளையைப் பிடுங்கிக்கப் பாக்கலை. அப்படி நெனச்சுடாதீங்க. ஆனா இந்த வீட்ல அவளை எங்க உக்கார வைப்பீங்க? ஒரு எடம் காட்டுங்க.”

அவன் சுற்றிப் பார்த்தான். நிஜமாகவே தேடினான். கிடைக்கவில்லை.

(அவனைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. படித்தவன், நல்ல வேலை. ஒரு துடைப்பத்தை எடுத்துப் பெருக்க என்ன கேடு? வாசகர் கேட்பார். நானும் கேட்டேன். பெருக்கினான். குப்பையை முறத்தில் அள்ளினான். முறத்தோடு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். எழுந்தபோது வெயில் போயிருந்தது. இது காரணம் ஆகாது என்று எனக்கும் தெரியும்.)

ஆகவே போன் செய்தான். ‘குடியிருக்கிற வீடுதான்’ என்று சொல்ல வாயெடுத்தான். பெரியம்மாவின் கண் ஞாபகம் வந்தது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார்.

“காலி பண்ற வீட்டுக்குச் செய்யற மாதிரியே செஞ்சுடுங்க” என்றான்.

4

சனிக்கிழமை மூன்று பேர் வந்தார்கள். இரண்டு பெண்கள், மெஷின் தூக்கிவந்த ஓர் ஆள். மூத்தவளை மற்ற இருவரும் அக்கா என்றார்கள். மெஷின்காரன் அடுப்பங்கரையை எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, இது அடுப்பா, தொல்பொருளா?” என்றான்.

“வாயை மூடிட்டு ஸ்க்ராப்பரை எடு. உன் ரூமை நான் பாத்திருக்கேன். அதுக்கு இது அரண்மனை.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு இந்த வீட்டில் யாரோ இயல்பாகப் பேசிக்கொண்டார்கள். (இந்த இடத்தில் கதை நன்றாக முடிந்துவிடும் போல எனக்கே ஒரு நப்பாசை.)

முதலில் திரைச்சீலைகளைக் கழற்றினார்கள். பிறகு கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டிருந்த பாய், தலையணை, உடைந்த ப்ளாஸ்டிக் சாமான் எல்லாம் சாக்குக்குப் போயின. ஒவ்வொன்றுக்கும் மூத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். தலையசைப்பது வசதியாக இருந்தது.* கட்டில் சன்னலோரத்திலிருந்து எதிர்ச்சுவருக்குப் போனது. அப்படிப் போட்டால்தான் அறை பெரிதாகத் தெரியுமாம்.

* மனைவியின் பொருள்கள் எதுவும் அந்தச் சாக்குகளில் இல்லை. அவற்றைப் பெரியம்மா முன்பே எடுத்துப் போய்விட்டார். ஆகவே, சாக்கிலிருந்து ஒரு புடவை நுனி எட்டிப் பார்த்தது என்றெல்லாம் எழுத வாய்ப்பில்லை. எழுத முடிந்திருந்தால் எழுதியிருப்பேன்.

பிறகு நடைபாதைச் சுவர். முழங்கால் உயரத்துக்கு வாசலிலிருந்து படுக்கையறைவரை கிறுக்கல். நடுநடுவே மிருகங்களும் மீன்களும் ஸ்டிக்கர்களாக.

“சார், பிள்ளை கிறுக்குனது. எடுக்கட்டுமா?”

“எடுத்துடுங்க.”

“ஸ்டிக்கரும்?”

“எல்லாம்.”

(அவன் தயங்கினான் என்று ஒரு பிரதியில் எழுதியிருந்தேன். கை சுவரைத் தொட்டது, தொண்டை அடைத்தது, இன்ன பிற. பொய். அவன் தயங்கவில்லை. அந்தச் சுவரைப் பெரியம்மா முகம் சுளித்துப் பார்த்தது மட்டும்தான் அவன் மனத்தில் இருந்தது. பரீட்சைக்குப் படிக்கிறவன் கேள்வித்தாளைத்தான் நினைப்பான்.)

எள் என்றால் எண்ணெயாக நிற்கிறவர்கள். சுவரைத் தேய்த்து, போகாத இடத்தில் வெள்ளை அடித்தும் கொடுத்தார்கள். வீடு முழுக்க மருந்து வாசனை. கிளம்பும்போது மூத்தவள் வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். எப்போ சார் காலி பண்றீங்க என்று கேட்டாள். காலி பண்ணவில்லை, மகள் வருகிறாள் என்றான். அவள் ஏதோ சொல்ல வந்து, மெஷினைப் பார்த்துத் தூக்கும்படி ஆளை அதட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் வீட்டின் நடுவில் நின்றான். பாஸாகிவிடுவோம் என்று நினைத்தான்.

5

பெரியம்மா முதலில் உள்ளே வந்தார். சன்னல் கட்டையில் விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். குளியலறைக் கதவைத் திறந்தார். ஃப்ரிட்ஜைத் திறந்து மூடினார். அவர் தோள் இறங்குவதை அவன் பார்த்தான்.

“பரவாயில்லையே தம்பி. எங்க வீட்டுக்கே இதைச் சுத்தம் பண்ணவங்களை வரச் சொல்லணும்போல.” பிறகு குரல் உடைந்தது. “அவ இருந்தப்பக்கூட இப்படி வெச்சிருந்ததில்ல.”

குழந்தை வரவில்லை.

வாசலில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு செருப்பைக் கழற்றியிருந்தாள். மற்றதைக் கழற்றப் போனவள் குனிந்த வாக்கில் நின்று உள்ளே பார்த்தாள்.

“பெரிம்மா, இது யார் வீடு?”

“உங்க வீடுதான்டா கண்ணு. உள்ள போ.”

“இல்ல.”

அழவில்லை. வாக்குவாதம் செய்யவில்லை. பஸ் நம்பரைத் தப்பாகச் சொன்னவரைத் திருத்துவதுபோல் சொன்னாள். மூக்கைச் சுருக்கினாள். அவன் அவள் எதிரே குந்தி உட்கார்ந்து கையை நீட்டினான். அவனை அவளுக்கு அடையாளம் தெரிந்தது. தெரியாமல் இருந்தால்கூடத் தேவலையாக இருந்திருக்கும்.

“அப்பா, நீயும் வா” என்றாள். “நம்ம வீட்டுக்குப் போலாம்.”

எந்த வீட்டைச் சொல்கிறாள் என்று அவன் கேட்கவில்லை. பெரியம்மா வீடு என்றால் அவன் தோற்றான். பழைய வீடு என்றால் அதை நேற்றுச் சாக்கில் போட்டு அனுப்பிவிட்டான்.

பெரியம்மாதான் மன்றாடினார். பரீட்சை வைக்க வந்தவர், இப்போது மார்க் போடச் சொல்லிக் குழந்தையின் காலில் விழாத குறை. “போடா தங்கம், உங்க அம்மா இருந்த வீடுடா” என்றார். அவள் பெரியம்மாவின் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

6

முடிவுகள்:

ஒன்று. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு ஸ்டிக்கர் விடுபட்டிருக்கிறது. ஒரு மீன். அவன் ஃப்ரிட்ஜை நகர்த்திக் காட்டுகிறான். குழந்தை ஓடி வருகிறாள். எழுதிப் பார்த்தேன். பிறகு ஃப்ரிட்ஜை நகர்த்தியும் பார்த்தேன். அவர்கள் நல்ல வேலைக்காரர்கள். எதுவும் விடுபடவில்லை.

இன்னொன்று. அவன் கடைக்குப் போய்ப் புது க்ரேயான் வாங்கி வருகிறான். இந்தா, கிறுக்கு என்கிறான். அவள் வெள்ளைச் சுவரைப் பார்க்கிறாள். அடுத்தவர் வீட்டுச் சுவரில் கிறுக்கக் கூடாது என்று அவளுக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மூன்றாவது நீங்கள் ஏற்கெனவே எதிர்பார்ப்பது: பெரியம்மா அவளைத் தூக்கிக்கொண்டு படியிறங்குகிறார். அதை எழுத ஒரு வரி போதும். அந்த வரி என்னிடம் தயாராக இருக்கிறது. அதனால்தான் ஆறாவது பகுதியை இவ்வளவு இழுக்கிறேன்.

இப்போது எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். அவன் குந்திய நிலையில் கையை மடக்காமல் இருக்கிறான். கால் மரத்துவிட்டது. அடுத்த வாக்கியத்தில் அவள் ஏதாவது ஒரு பக்கம் அடியெடுத்து வைத்தாக வேண்டும்.

எனக்கு வரவில்லை. நீங்கள் எழுதுங்கள். அவளை எந்தப் பக்கம் அனுப்பினாலும் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். உள்ளே அனுப்புவதாக இருந்தால் மட்டும் கொஞ்சம் மெதுவாக எழுதுங்கள்.

தரை வழுக்கும்.