மணியம்மாளுக்கும் முத்து போட்டது

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலம். சித்திரை வெயிலில் பாகூர் ஏரி சேறாகிக் கிடந்த சமயம், தையலம்மாள் வீட்டுச் சின்ன மருமகள் ஜெயாவுக்கு அம்மை வார்த்தது. வாசலில் வேப்பிலை செருகினார்கள், குழம்புக்குத் தாளிப்பது நின்றது. எல்லா வீட்டிலும் நடப்பதுதான். மூத்த மருமகள் மணியம்மாளுக்கு வயிறு எரிந்தது மாமியாரின் பேச்சைக் கேட்டுத்தான்.

"மனசு குளிரணும் தாயே. இன்னா வேணும், சொல்லு தாயே."

அம்மை கண்டவள் மாரியாத்தாளே என்பதால் அப்படித்தான் பேச வேண்டும். மணியம்மாளுக்கு அது தெரியாதா என்ன? ஆனால் கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்த வாயில் "ஏண்டி"யைத் தவிர வேறெதையும் அவள் கேட்டதில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்துக் கிடந்தபோதுகூட "எழுந்து வேலையப் பாருடி" என்றுதான் வந்தது. நேற்று வந்தவளுக்கு இளநீர், வேப்பிலை விசிறல், தாயே!

கூழுக்குக் கேழ்வரகு அரைத்துக்கொண்டே பார்த்துப் பார்த்துப் பொருமினாள். மாலையில் தலை வலித்தது. மறுநாள் உடம்பு அனலாய்க் கொதித்தது. நடிப்பில்லை, சத்தியமாக நடிப்பில்லை. கழுத்தில் தடவிப் பார்த்தால் முத்துப்போல இரண்டு பொரி தட்டுப்பட்டன. பாதி பயமும் பாதி ஆசையுமாக மாமியாரிடம் காட்டினாள்.

தையலம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மணியம்மாளின் புருஷன் சிங்காரவேலுதான் குனிந்து பார்த்தான்.

"வேர்க்குரு மாதிரி கீதேம்மா. பிரெஞ்சு டாக்டரக் கூட்டியாரட்டுமா?"

"ஆத்தாளையே சந்தேகப்படுறியாடா? வாய மூடு."

ஜெயாவுக்குப் பக்கத்தில் இன்னொரு பாய் விரித்து வேப்பிலை பரப்பினார்கள். "தாயே" என்று மாமியார் நெற்றியைத் தொட்டதும் மணியம்மாளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஆத்தா கலங்குகிறாளே என்று மாமியார் இன்னும் வேகமாக விசிறினாள்.

ஜெயாவுக்கு முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். ஈரம்கூடக் காயவில்லை.

"இன்னாடி நின்னுக்கினு கீற? கொட்டாயில சாணி கெடக்குது."

"எனக்கு இன்னும் தல சுத்துது அத்தே."

"வேலையப் பாத்தா சரியாப் பூடும்."

ஜெயா சாணிக்கூடையோடு நின்று, விசிறும் கையையும் பாயில் கிடப்பவளையும் பார்த்தாள். அந்தப் பார்வையை மணியம்மாளுக்கு நன்றாகத் தெரியும். அடுப்பங்கரையிலிருந்து அவளே பார்த்த பார்வைதான். பாவமாகத்தான் இருந்தது. கழுத்தைத் தடவினாள். பொரி அமுங்கி, தோல் வழவழவென்று இருந்தது.

முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள்.

"இன்னும் எரியுது," என்றாள்.