ரெஜிஸ்டர்டு மெமரி

கம்மாபுரத்தில் இசைப்பிரியா வீட்டில் 'ரெஜிஸ்டர்' என்ற சொல்லுக்கு இருக்கும் மரியாதை சாமிக்குக்கூட இல்லை. வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்த நிலம், பத்திரம் பதியாத ஒரே காரணத்தால் பெரியப்பா பேருக்குப் போய்விட்டது. அதிலிருந்து அவள் அப்பா செங்குட்டுவன் நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். மாடு வாங்கினாலும் மாப்பிள்ளை பார்த்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "ரெஜிஸ்டர் ஆயிருக்கா?" என்பதுதான்.

ஆகவே, பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் ஆன்லைன் கடையில் 'ரெஜிஸ்டர்டு மெமரி' என்று கண்டதும் அப்பாவும் மகளும் மறுயோசனை செய்யவில்லை. புதிதை விட எவ்வளவோ மலிவு, அதோடு ரெஜிஸ்டர்டு வேறு! பிறகென்ன?

இசைப்பிரியாவுக்கு மெமரி தேவைதான். விழுப்புரத்து சர்வே கம்பெனி ஒன்று, ட்ரோன் எடுத்த வயல் படங்களை ஒட்டி ஒரே வரைபடமாக்கச் சொல்லியிருந்தது. திங்கட்கிழமை காலைக்குள் அனுப்பினால் வேலை அவளுக்கு. அவளுடைய கம்ப்யூட்டரோ பாதிப் படம் ஏறியதும் மூச்சுமுட்டி நின்றுவிடும். கொரியரில் வந்த மெமரியைப் பொருத்தினாள். அளவெடுத்தாற்போல உட்கார்ந்தது. ஆனால் மிஷின் 'பீப் பீப்' என்று கத்தியதே தவிர, எழுந்திருக்கவில்லை.

சனிக்கிழமை அத்தனையையும் தூக்கிக்கொண்டு மைன்ஸ் டவுன்ஷிப் பஜாரில் முனவரா நடத்தும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கு வந்தாள். மெமரியைப் பார்த்த முனவராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது செர்வர் மெமரி. உன் வீட்டு மிஷின் இதைச் சேத்துக்காதும்மா."

"ரெஜிஸ்டர்டுன்னு போட்டிருந்தாங்களேக்கா?"

"அது பத்திர ஆபீஸ் ரெஜிஸ்டர் இல்ல. இதுல நடுவுல ஒரு சிப் இருக்கு பாரு, அதுக்குப் பேரு ரெஜிஸ்டர். வர்ற வேலைய வாங்கி உள்ள பிரிச்சுக் குடுக்கிற சூப்பர்வைசர்னு வெச்சுக்க. இங்க இன்னொரு சிப் கூடுதலா இருக்கு பாரு, அது கணக்குல தப்பு வந்தா கண்டுபிடிச்சு திருத்துறதுக்கு. பேங்க், ஆஸ்பத்திரில ராப்பகலா ஓடுற மிஷினுக்குன்னே செய்யறது, அதான் புதுசுன்னா விலை ஜாஸ்தி. உன் வீட்டு மெமரி கான்ட்ராக்ட் வேலை மாதிரி. சூப்பர்வைசரும் கிடையாது, தப்பு நடந்தா கேக்கவும் ஆள் கிடையாது."

"அப்ப இது மட்டும் ஏன் மலிவா குடுத்தான்?"

"பெரிய ஆபீஸ்ங்க மிஷின் மாத்தறப்ப இதை மூட்டை மூட்டையா கழிச்சு விடறாங்க. வாங்கறதுக்கு வீட்டுக்காரங்க வர மாட்டாங்க, அவங்க மிஷின்ல ஓடாதே. வீட்டு மெமரி கதை வேற. ஏஐ கம்பெனிங்க மெமரியா வாங்கித் தள்றாங்க, ஃபாக்டரிங்க எல்லாம் அவங்களுக்கே செய்யுதுங்க. நமக்கு மிச்சம் மீதிதான், அதுவும் ஆனை விலை."

இசைப்பிரியாவுக்கு அழுகை முட்டியது. அப்பா ஆசையாகத் தொட்டுப் பார்த்து, பூஜை அலமாரியில் ஒரு நாள் வைத்திருந்து எடுத்துக் கொடுத்த மெமரி அது.

"குடு, யாராச்சும் கேட்டா வித்துத் தரேன்" என்றாள் முனவரா.

"விக்க மாட்டேன்" என்றாள். அழுகை எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. "மெமரி நல்லாத்தானே இருக்கு? இதுக்கு ஏத்த வூடு கிடைக்கலன்னா, அதைத்தான் தேடணும்."

கடையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் ஒரு கறுப்புப் பெட்டி; அதன் தலைமேல் முனவராவின் டிபன் கேரியர்.

"அது என்னாக்கா?"

"ஒரு டிசைன் ஆபீஸ்ல தூக்கிப் போட்டது. பெரிய மிஷின்தான், மெமரி போச்சு. ஃபேன் போடுற சத்தத்துக்கு ஒருத்தனும் கேக்கல, நானும் விட்டுட்டேன்." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். பிறகு எழுந்து போய் டிபன் கேரியரைக் கீழே இறக்கினாள். "இது செர்வர் மெமரி சேத்துக்கிற மிஷின்தான்!"

மூடியைக் கழற்றித் தூசி தட்டி, மெமரியைப் பொருத்தினார்கள். பொத்தானை அழுத்தியதும் ஃபேன்கள் பேயாகக் கத்தின. திரை மட்டும் கறுப்பு. காத்திருந்தார்கள். அப்போதும் கறுப்பு.

"செத்துடுச்சு போல" என்று முனவரா சுவிட்சுக்குக் கையை நீட்டினாள்.

இசைப்பிரியா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். "இருங்கக்கா. பத்திர ஆபீஸ்ல டோக்கன் வாங்கினு உக்காந்துகினு இருக்கறதில்ல? கூப்பிடறதுக்கு முன்ன அப்பா எழுந்து வந்துட்டுதான், பத்திரம் பதியாம எங்க நிலம் போச்சு. நான் எழுந்துக்க மாட்டேன்."

முனவரா டீ வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது திரையில் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. போட்ட மெமரி மொத்தத்தையும் மிஷின் கணக்கில் எடுத்திருந்தது. இந்தப் பெரிய மிஷின்கள் முதல் தடவை எழுந்திருக்குமுன் மெமரியை ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும்; அவசரக்காரர்களுக்கு அதுதான் சாவு மாதிரித் தெரியும்.

கிராமத்தில் கரண்டை நம்ப முடியாது. அதனால் மிஷின் கடையிலேயே இருந்தது, இசைப்பிரியாவும் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையை விட்டுக்கொடுத்து முனவரா கடையைத் திறந்தாள். படங்கள் ஒவ்வொன்றாக ஒட்டி, சாயங்காலம் வரைபடம் முழுசாக விரிந்தது: வரப்பு, வாய்க்கால், பம்புசெட் எல்லாம். அனுப்பிவிட்டு நாற்காலியில் சாய்ந்தாள்.

திங்கட்கிழமை மதியம் விழுப்புரத்திலிருந்து வேலை உறுதியானது. உடனே அப்பாவுக்குப் போன் செய்தாள். ஷிப்ட் சத்தத்துக்கு நடுவே செங்குட்டுவன் கத்தினார், "என்னாம்மா ஆச்சு?"

வேலை கிடைத்தது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"ரெஜிஸ்டர் ஆயிடுச்சுப்பா."

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் தேய்ந்தது; அப்பா தள்ளி வந்திருந்தார். பிறகு, "நம்ம பேருலதானே?" என்றார்.

"என் பேருலப்பா."