ஊட்டுல இருக்குதுங்க

சனிக்கிழமை காலை தமிழ்ப்ரியாவின் லேப்டாப்பிலிருந்து கன்டெய்னரை அழித்தேன். இரண்டு நிமிடம் ஆனது.

ஒரு கிலோகூட இல்லாத லேப்டாப் அது. சேமிக்க முப்பத்திரண்டு ஜிபிதான். வரைபட மென்பொருள் அதில் நேராக ஓடாது. உள்ளே ஒரு லினக்ஸ் கன்டெய்னர் வைத்து, இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் என்ற அந்த மென்பொருளை அதற்குள் போட்டுக் கொடுத்தது நான். லேப்டாப்புக்குள் அடைத்து வைத்த இன்னொரு கணினி மாதிரி. கெட்டுப்போனால் அதை மட்டும் எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று வைக்கலாம். இதைப் பெருமையாகச் சொல்வேன்.

தமிழ்ப்ரியா எருத்தேன்பதியில் பாசனக் கமிட்டியின் களப்பணியாளர். ஜனவரியிலிருந்து மாதாமாதம் நடந்து, அறுபத்து மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை வரைபடத்தில் ஏற்றியிருந்தாள். கால்வாய்க் கிளை எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பேச வியாழக்கிழமை கூட்டம். அதற்கு அந்தப் படம் வேண்டும். நான் நல்லேப்பிள்ளியில் கணினி பழுது பார்ப்பவன். மென்பொருள் மெதுவாகத் திறக்கிறது என்று லேப்டாப்பை என்னிடம் விட்டுப் போயிருந்தாள்.

அழிக்கும் முன் போனில் கேட்டேன்.

"படமெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"ஊட்டுலதானுங்க சார் இருக்குது."

வீட்டில், பென் டிரைவில் என்று எடுத்துக்கொண்டேன்.

கன்டெய்னருக்குள் சேமிக்கும் இடத்தின் பெயர் 'ஹோம்'. எங்கே சேமிப்பது என்று முதல் நாள் அவள் கேட்டபோது, "ஹோம்னு இருக்குது பாருங்க, அதுதான் நம்ம ஊடு, அங்கயே வைங்க" என்று சொன்னவன் நான். அழித்தது அந்த வீட்டை.

ஒருமுறை திறந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

மாலையில் வந்து லேப்டாப்பைத் திறந்தவள், படத்தைக் காணாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"அழிஞ்சுருச்சுங்க" என்றேன்.

தமிழில் அப்படிச் சொல்ல முடிகிறது. யாரும் அழிக்காமலே ஒன்று அழிந்துவிடும்.

"நான் ஏதாச்சும் தப்பா அமுத்திட்டனுங்களா?"

"கன்டெய்னர்ல அப்பிடி ஆகறதுண்டு."

இல்லை என்று நான் சொல்லவில்லை. போனில் குறித்த அளவுகளையும் லேப்டாப்பில் ஏற்றியதும் அவள் நீக்கியிருந்தாள். இடம் அடைக்கும் என்று அதைச் சொல்லிக் கொடுத்தவனும் நான்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி அளக்கத் தொடங்கினாள். கடையைச் சாத்திவிட்டு பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனேன். அன்றைய மட்டம் கிடைத்தது. ஜனவரியில் எத்தனை அடி இருந்தது என்பதை எந்தக் கிணறும் திருப்பிச் சொல்லாது.

"உங்களுக்கு எதுக்குங்க சார் இந்தப் பாடு?" என்றாள். நன்றியாகத்தான் சொன்னாள்.

திங்கள் மாலை முப்பத்தெட்டு முடிந்திருந்தது. வண்டியில் ஏறும்போது சொன்னாள்.

"வியாழக்கெழமெ படத்தெக் குடுத்துட்டு வேலையெ உட்டு நின்னுக்கறேனுங்க. தலைவர்கிட்டக் கடுதாசி குடுத்துட்டேன்."

"எதுக்குங்க?"

"எனக்கு மிஷின் வராதுங்க. இன்னைக்கு இது. நாளைக்கு என்னத்தெ அழிப்பனோ."

நான்தான் அழித்தேன் என்று ஒரு வாக்கியம் போதும். அவளை வீதி முனையில் இறக்கிவிட்டு வந்தேன்.

செவ்வாய் காலை மூன்றாவது கிணறு கமிட்டித் தலைவர் குப்பண்ணனுடையது. தென்னைக்கு நீர் மாற்றிவிட்டு வந்தார்.

"என்ன அம்மிணி, போன தடவெ எண்ணுன கெணறெல்லாம் எந்திரிச்சு ஓடிப்போச்சா?"

"என்ர கையில அழிஞ்சுபோச்சுங்க மாமா."

"கெணத்துக்குள்ள வாளியெப் போட்டவீக உண்டு. கம்ப்யூட்டருக்குள்ள கெணத்தையே போட்டவ நீதான்."

அவளும் சிரித்தாள்.

"அழிஞ்சு போகலீங்க" என்றேன். "நான் அழிச்சேன்."

போனில் கேட்டதையும் ஊடு என்றதையும் சொன்னேன். கன்டெய்னர் என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. குப்பண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார்.

"பண்டத்தெ எறியறதுக்கு முன்ன மூடியெத் தொறந்து பாக்க மாட்டீங்களா தம்பி?"

தமிழ்ப்ரியா மட்டம் பார்க்கும் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கெழமையே தெரியுங்களா?"

"தெரியும்."

"நேத்து நான் கடுதாசியெச் சொன்னப்ப?"

"தெரியும்."

குப்பண்ணன் சட்டைப் பையிலிருந்து அவள் கடிதத்தை எடுத்து நீட்டினார். "இந்தா. இது எனக்கெதுக்கு?" அவள் வாங்கிக்கொண்டாள். கிழிக்கவில்லை. மடித்துப் பைக்குள் வைத்தாள்.

கிணற்றுச் சுவரில் லேப்டாப்பைத் திறந்து அளவை ஏற்றினாள். பென் டிரைவைச் செருகி ஒரு பிரதி எடுத்தாள். எடுத்ததைத் திறந்து பார்த்தாள். அதுவரை நான் நின்றேன்.

"இன்னும் இருவத்திரண்டு இருக்குது" என்றேன். "நாளைக்குள்ள முடிச்சரலாங்க."

"முடிச்சுருவனுங்க. நீங்க கடைக்குப் போங்க."

"வண்டியில போனா வெரசாப் போயிரலாம்."

"அஞ்சு மாசமும் நடந்துதானுங்க அளந்தேன்."

பைக்கைத் தள்ளிக்கொண்டு வரப்பில் நடந்தேன்.

"தம்பி!" குப்பண்ணன் பின்னாலிருந்து சத்தம் போட்டார். "கேட்டெச் சாத்திப்போட்டுப் போங்க. மாடு பூந்துரும்."

சாத்தினேன். கொக்கி விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் இழுத்துப் பார்த்தேன்.