ஊர் சுற்றிய ஜின்

துறைமுகத்தை ஒட்டிய ஹோட்டலில் இருபத்தெட்டு வருஷமாக பாரை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். வருகிறவர்கள் எல்லோருக்கும் அவள் 'அக்கா'.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பழுதுபார்க்க நின்ற ஒரு கப்பலின் சமையற்காரன் ஆறு வாரம் தினமும் மத்தியானம் வந்தான். ஒருநாள் ஜின்னில் கலக்கும் டானிக் தண்ணீர் தீர்ந்துவிட்டது. "வெறும் ஜின்னை நாக்குல வைக்க முடியலையே" என்றான். அவள் எலுமிச்சை பிழிந்தாள். அவன் முகத்தைச் சுளித்துச் சர்க்கரை போட்டான். பிறகு உரிமையோடு சமையலறைக்குள் போய் இஞ்சியைத் தட்டிக்கொண்டு வந்தான். ஐஸ் போட்டுக் குலுக்கி, ஒரே கிளாசில் ஆளுக்கொரு வாய் குடித்தார்கள்.

கப்பல் போயிற்று. கடிதம் இல்லை, போன் இல்லை. ஜின்தான் வந்தது.

மூன்றாம் வருஷம் ஒரு மாலுமி, "எலுமிச்சை, இஞ்சி, ஒரு சிட்டிகை உப்பு. எங்க கப்பல் சமையற்காரர் இப்படித்தான் கலப்பார்" என்றபோது அவள் சட்டென்று நிமிர்ந்தாள். உப்பு அவன் சேர்த்தது! அப்புறம் வேறொருவர் அதிலேயே புதினா கேட்டார். அவன் கரையில் வீடு பிடித்துத் தொட்டியில் வளர்க்கிறானோ? பின்னாளில் பெரிய ஹோட்டல்களின் பட்டியலிலேயே அது ஏறிவிட்டது. முட்டை வெள்ளைக்கரு நுரையோடு. 'இது அவன் வேலையே இல்லை' என்று தனக்குள் சிரித்துக்கொண்டாள். அவளும் சும்மா இருக்கவில்லை. பதினோராம் வருஷம் ஆரஞ்சுத் தோல் சேர்த்திருந்தாள். அதைச் சொல்லத்தான் ஆளில்லை.

போன மாதம் கப்பல் நர்ஸ் ஒருத்தி வந்து அதையே கேட்டாள். "சர்க்கரை மட்டும் வேணாம்க்கா. எங்க வீட்டுல அப்படித்தான். அப்பாவுக்குச் சுகர்."

சொல்லும்போதே அந்தப் பெண் அவனைப் போலவே முகம் சுளித்ததைப் பார்த்ததும், யார் மகள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. துடைத்த கிளாசையே மறுபடி துடைத்தாள்.

"அப்பா நல்லா இருக்காராம்மா?"

"இருக்காரு. முட்டிவலிதான். இந்தத் துறைமுகத்துக்குப் போறேன்னேன், பேச்சையே மாத்திட்டாரு." ஒரு வாய் குடித்தவள், "அட, ஆரஞ்சா! எழுதித் தாங்கக்கா, அவருக்குக் காட்டுறேன்" என்றாள்.

அக்கா அளவுகளை நிதானமாக எழுதினாள். கீழே பேனா கொஞ்ச நேரம் நின்றது. பெயர் போடாமலே மடித்துக் கொடுத்தாள். கையெழுத்தை வைத்து அவன் கண்டுபிடிக்கவும் வழியில்லை; அவனுக்கு அவள் ஒரு வரிகூட எழுதியதில்லை.