கெசியா அத்தையின் நல்ல பிள்ளைகள்

1
கதை வந்த வழியைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் எங்கள் ஊரான செல்ட்டன்ஹாமில், மழைக்கு ஒதுங்கிய பழைய புத்தகக் கடையில், விக்டோரியா ராணி காலத்துத் தேவாலய ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கொடுத்த ஒரு பரிசுப் புத்தகத்தைப் புரட்டினேன். கடைசி அத்தியாயத்தில் நல்ல பிள்ளை செத்தது. அதே அம்மாள் எழுதிய அடுத்த புத்தகத்திலும் செத்தது. அவர் பெயர் மறந்துவிட்டது. கெசியா பிளம்ட்ரீ என்று வைத்துக்கொள்வோம்.

2
“பனி மூடிய ஒரு காலையில் கெசியா தன் பேனாவை…”

(வேண்டாம். விக்டோரியா காலம் என்றாலே பனியா?)

பிள்ளைகளைச் சாகடிப்பதில் கெசியா கெட்டிக்காரி. லேசாக இருமல், உதட்டில் ஒரு வேதவசனம், ஆள் காலி. புத்தகம் போடும் சங்கத்தின் போதகர் ஸ்னாத் இதில் படு கறார்.

“நல்ல பிள்ளை பொழைச்சா ஆகாதாங்கய்யா?” என்று கேட்டாள் கெசியா.

“பொழைச்சா வளருமேம்மா! வளந்தா கெட்டுப்போயிடுமே!”

(இவரைக் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். மனிதர் ஒத்துழைக்கவில்லை.)

3
கெசியாவுக்கு இருந்த ஒரே சொந்தம் அண்ணன் மகள் டார்க்கஸ். எட்டு வயது. அவளுக்கு உடம்பெல்லாம் சிவக்கும் செங்காய்ச்சல் வந்தது. மருந்தைத் துப்பினாள். மருத்துவரைக் கடித்தாள். ஜெபம் சொல்ல மாட்டேன் என்றாள்.

“ஏண்டி படுத்துற? நல்ல பொண்ணுல்ல, குடி.”

“மாட்டேன். நல்ல பொண்ணுங்கதான் செத்துப்போவாங்க. உங்க புஸ்தகத்துல பூனையைக் குளத்துல போட்டவன் மட்டுந்தானே அத்தை பொழைச்சான்?”

கெசியா மருந்துக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“அதெல்லாம் நான் கட்டிவிட்டதுடி கண்ணு.”

“பொய் சொன்னா நரகம்னு எழுதினதும் நீங்கதானே?”

4
“சரி, கெட்ட பொண்ணாவே குடி,” என்றாள் கெசியா. “என்னைத் திட்டிக்கிட்டே குடி.”

“கிழட்டு ஆந்தை!” ஒரு கரண்டி உள்ளே போனது.

“இவ்வளவுதானா? இன்னும் மோசமா!”

“மூஞ்சியைப் பாரு, அழுகின முட்டைக்கோஸ்!” இன்னொரு கரண்டி.

கெசியா அழுதுகொண்டே சிரித்தாள். அடுத்த புத்தகத்தின் கடைசி அத்தியாயம் கேட்டு வந்த ஸ்னாத், ஒட்டிக்கொள்ளும் நோயென்று பயந்து, மூக்கைப் பொத்தியபடி வாசலிலேயே நின்றார்.

“ஐயோ பாவம்! தேவதை மாதிரி பொண்ணு!”

டார்க்கஸ் கரண்டி நுழையாதபடி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“போய்யா வெளியே!” என்று கத்தினாள் கெசியா. அவள் வாழ்நாளில் யாரிடமும் அப்படிப் பேசியதில்லை.

5
முடிவு ஒன்று: டார்க்கஸ் பிழைத்து, வளர்ந்து, கெட்டுப்போய்…

முடிவு இரண்டு: அன்றிரவே அவள்…

(என்னால் எழுத முடியாது. எழுதினால் எனக்கும் ஸ்னாத்துக்கும் என்ன வித்தியாசம்?)

கெசியாவின் கை தளர்ந்துவிட்டது. கரண்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே போய் என்ன வேண்டுமானாலும் சொல்லிக் குடிக்க வையுங்கள். நல்ல பொண்ணு என்று மட்டும் சொல்லித் தொலைக்காதீர்கள்.