மற்றவை என்ற இடத்தில் ஒரு நீர்நாய்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை என்று, வாயில் மிச்சமிருக்கும் நான்கு சொந்தப் பற்களின் மேல் சத்தியம் செய்துவிட்டுத் தொடங்குகிறேன். ஐந்தாவது பல் போன வருஷம் விழுந்தது. அது எந்தச் சத்தியத்தின்போது விழுந்தது என்பது இந்தக் கதைக்கு வேண்டாம்.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சின்னப் பூங்கா, அதன் நடுவில் ஒரு குளம். குளத்தங்கரை பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி உள்ளே புகுந்த கல்லைத் தட்டிக்கொண்டிருந்தபோது அந்தப் பெண் வந்து நின்றாள். கழுத்தில் ஹெட்போன், கையில் டேப்லெட்.

"ஐயா, சின்ன சர்வே. இந்தப் பார்க்குக்கு எதுக்காக வர்றீங்க?"

திரையில் விடைகளை அவர்களே போட்டிருந்தார்கள். நடைப்பயிற்சி, நல்ல காற்று, மன அமைதி. எனக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. காற்று வீட்டு ஜன்னலுக்கே வருகிறது. மன அமைதியைத் தேடி இந்த வயதில் நான் கிளம்பினால், வீட்டிலிருந்து என்னைத் தேட ஆள் கிளம்பும். கடைசியாக 'மற்றவை' என்று போட்டுப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கோடு. கோடு காலியாகக் கிடந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது.

"நீர்நாயப் பாக்க வர்றேம்மா."

"இங்கயா?"

"அதோ, அந்த மதகுப் பக்கம். சாயங்காலமா வெளிய வரும். என்னப் பாத்தா முன்னங்கால் ரெண்டையும் சேத்து ஒரு வணக்கம் வைக்கும். மரியாதை தெரிஞ்ச ஜென்மம்."

பக்கத்தில் என் சிநேகிதன் பல்செட் உட்கார்ந்திருந்தான். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன், பேசும்போது பல் தனியாகத் தாளம் போடும். யாரிடமும் தோற்றுப் பழக்கமில்லை. "ஒண்ணில்ல பாப்பா, ரெண்டு. ஜோடி," என்றான். அடுத்த பெஞ்சிலிருந்த தையல்காரம்மா கழுத்தை நீட்டி, "குட்டி போட்டு ஒரு மாசமாச்சே, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். சர்வே குளத்தைச் சுற்றி முடிப்பதற்குள் அந்தக் குடும்பம் வேறு வீடு பார்க்க வேண்டிய அளவுக்குப் பெருகிவிட்டது.

அந்த சர்வே என் மருமகளுடையது என்பது மட்டும் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்தவர் கேட்டால் ஜனங்கள் முகத்துக்காகப் பொய் சொல்வார்கள் என்று, தெரியாத ஒருத்தியாகப் பார்த்துத் தன் வகுப்பிலிருந்து அனுப்பியிருந்தாள்.

பல் டாக்டர் ஒருவரிடம் இருபது வருஷம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வலியோடு வருகிறவர்களையெல்லாம் "உக்காருங்க, இப்பக் கூப்பிடுவாங்க" என்று ஏமாற்றிக்கொண்டிருந்தவள், நாற்பதைத் தாண்டிய பிறகு வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். பூங்கா, பொழுதுபோக்கு, சுற்றுலா எல்லாவற்றையும் இடம் கெடாமல் நீடித்து நடத்துவது எப்படி என்று ஒரு படிப்பு. என் மகன் லிஃப்ட் மெக்கானிக். மேலே, கீழே தவிர வேறு திசை தெரியாதவன். "பார்க்குல உக்கார எதுக்குடி பட்டம்? பெஞ்ச் பத்தாதா?" என்பான். பொழுது போகாமல் பொழுதுபோக்குப் படிக்கிறாள் என்று சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். பிறகு சமையலறையில் பாத்திர மூடிகள் கொஞ்சம் பலமாக விழும்.

அவளுடைய ஆய்வேடு இந்தக் குளத்தைப் பற்றித்தான். குளத்தைத் தூர்த்துக் கார் நிறுத்த இடம் பண்ணுவதாக நகராட்சியில் பேச்சு. சும்மா உட்கார்ந்திருக்க ஓரிடம் இருப்பதும் ஒரு பயன்தான் என்று நிரூபிக்கப் பார்த்தாள். தன் அம்மா படுக்கையில் விழுந்தபோது ஒருமுறை தவணை நீட்டிப்பு வாங்கிவிட்டாள். இனி நீட்டிப்பு கிடையாது. இந்த முறை முடித்தால் பட்டம், இல்லாவிட்டால் மறுபடியும் பல் டாக்டர் மேசை.

"மாமா, நம்ம குளத்துல நீர்நாய் இருக்குதாம்!" என்று அவள் ஓடிவந்து சொன்ன சாயங்காலம், அந்தச் சிரிப்பில் அவளுக்குக் கடைவாயில் தெற்றுப்பல் ஒன்று இருப்பதையே முதல்முறையாகப் பார்த்தேன். தொண்டைவரை வந்ததைக் காப்பியோடு விழுங்கிக்கொண்டேன்.

அவளுடைய வழிகாட்டிப் பேராசிரியை துள்ளிக் குதித்தாராம். நீர்நாய் இருந்தால் அது வெறும் பூங்கா இல்லை, ஓர் உயிரின் வாழிடம். கை வைக்க முடியாது. ஆய்வேடு வரட்டும் என்று நகராட்சியும் நிறுத்தி வைத்தது. அதன்பின் இவள் விடியுமுன்பே இரவல் பைனாகுலரோடு குளத்தங்கரைக்குப் போகத் தொடங்கினாள். துணைக்கு நான், ஃபிளாஸ்க்கோடு. அவள் மதகையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணுக்குக் கீழே கறுப்பு இறங்கிக்கொண்டே வந்தது. தண்ணீரில் இலை விழுந்தாலும் அவள் மூச்சு நின்றது.

ஒருநாள் சமையலறை மேசையில் சர்வே பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தவள், ஓரிடத்தில் நின்றாள். வாய்விட்டுப் படித்தாள்.

"'ஆண். எழுபதுக்கு மேல். விலங்கு தமக்கு வணக்கம் வைப்பதாகச் சொன்னார்.'" தலையைத் தூக்கினாள். "எந்த மிருகமும் உலகத்துல வேற யாருக்கும் வணக்கம் வைக்காது மாமா. உங்களுக்கு மட்டுந்தான் வைக்கும்."

நான் கீரையை ஆய்வதில் மும்முரமானேன்.

"கல்யாணமாகி வந்ததுலேருந்து நீங்க சொன்ன எதையும் நான் நம்பினதில்ல. கொறையாச் சொல்லல, அது இந்த வீட்டுல ஒரு சொகமாத்தான் இருந்துச்சு. இன்னிக்கு ஒரே ஒரு தடவ நம்பப் போறேன். பாத்தீங்களா, இல்லையா?"

கூடத்தில் மகன் போட்டிருந்த டிவியில் யாரோ எதற்கோ கைதட்டினார்கள். இரண்டு பதிலும் என் நாக்கில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஒன்றை நான் நன்றாக அறிவேன், வாழ்நாள் சிநேகிதம். மற்றது முன்பின் தெரியாதது.

"இல்லம்மா."

"பல்செட் அங்கிள்?"

"அவன் என்னத் தோக்கடிக்கச் சொன்னான்."

"குட்டி?"

"அது அவனத் தோக்கடிக்க."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இரண்டு வாய் சோறு கூடுதலாக இறங்கியிருக்கும். கழுவி வைத்திருந்த டம்ளரை எடுத்து மறுபடியும் கழுவினாள்.

மறுநாளே வழிகாட்டியிடம் போய் நடந்ததைச் சொல்லிவிட்டாள். "நீ சொல்லலன்னா யாருக்குத் தெரியப்போவுது?" என்று கேட்டாராம் அந்தம்மா. "எனக்குத் தெரியுமே மேடம்" என்றாளாம் இவள். சர்வே மொத்தமும் செல்லாது என்று ஆகிவிட்டது. புதிதாக எடுக்க நாளில்லை. நகராட்சி ராட்சத மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்து குளத்தை இறைக்கத் தொடங்கியது. அதன் இரைச்சல் எங்கள் சமையலறைவரை கேட்டது. மகன் ஒரு கேலியும் செய்யவில்லை. "விடு. அந்த டாக்டரு திரும்பக் கூப்பிட்டா போ," என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சட்டை மாட்டினான். கேலியே செய்திருக்கலாம்.

அடிச்சேறு தெரிந்த காலையில் அவள் கடைசியாக ஒருமுறை பார்க்க வந்தாள். தூக்கம் பிடிக்காதவன் என்பதால் நான் முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவள், சட்டென்று குனிந்து உள்ளே நுழைந்தாள். மதகுப் பக்கம் சேறு தோசைமாவு போல வழவழவென்று கிடந்தது. கரையிலிருந்து மதகின் பொந்துவரை அதில் வரிசையாகத் தடங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து விரல், விரல்களுக்கு நடுவே சவ்வு பதிந்த மாதிரி மெல்லிய மேடு. உள்ளே போன தடம்தான் இருந்தது. திரும்பி வந்த தடம் இல்லை.

அவள் முழங்காலிட்டுவிட்டாள். அளவுக்குப் பேனாவைப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்தாள். பேனாவை நகர்த்தி வைத்து மறுபடியும் எடுத்தாள். பிறகு போனில் கத்தினாள்: "மேடம், மோட்டார நிறுத்தச் சொல்லுங்க! யாரும் சொல்லிக் கேக்கல மேடம், நானே என் கண்ணால பாத்தேன்!"

என்னைத் திரும்பிப் பார்த்தாள். இடுப்புவரை சேறு. கண்ணில் தண்ணீர். அந்தத் தெற்றுப்பல்.

"மாமா! நீங்க சொன்னது நெஜம் மாமா. உங்களுக்கே தெரியாம நெஜம்!"

கொஞ்ச நேரத்தில் மோட்டார் நின்றது. அத்தனை நாள் இரைச்சலுக்குப் பிறகு வந்த அமைதியில், மதகுக்குள் எங்கோ தண்ணீர் சொட்டுவது கேட்டது. அவள் வாயில் விரல் வைத்து என்னைப் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு, அந்த இருட்டுப் பொந்தையே பார்த்தபடி சேற்றில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

என் வலது கை நகக்கண்களில் ஏறியிருந்த சேறு, எவ்வளவு தேய்த்தும் அந்த வாரம் முழுக்கப் போகவில்லை.