மணிக்கூண்டு தாண்டினால்

சிவசங்கரி ட்ராக்கரை லேப்டாப்பில் செருகியபோது வாசலில் அப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது.

"பொணத்த வச்சிக்கிட்டு கம்ப்யூட்டர்ல என்னா வேல இவளுக்கு?" என்று சித்தப்பா முருகையன் கத்தினார்.

வேலை கொடுத்ததே அம்மாதான். பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும், சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. "அவரு போறத பாக்கவாச்சும் வழி பண்ணுடி" என்று காலையில் மகளின் கையைப் பிடித்தாள் வேம்பு.

அப்பா தெய்வசிகாமணிக்கு அமெச்சூர் ரேடியோ பைத்தியம். தட்டாஞ்சாவடியில் மோட்டாருக்குச் செப்புக் கம்பிச் சுருள் கட்டும் வேலை. மிச்ச நேரமெல்லாம் மாடியில் ஏரியல், இரைச்சல், ரேடியோவில் மட்டும் பேசும் முகம் தெரியாத சிநேகிதர்கள். ஸ்கூட்டரில் சோப்பு டப்பா அளவுக்கு இந்த ட்ராக்கர். அவர் இருக்கும் இடத்தை அது ரேடியோவில் அனுப்பும், மாடி ஏரியல் வாங்கும், லேப்டாப் வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும். அதைப் பார்த்துத்தான் அம்மாவின் ராத்திரிச் சமையல். புள்ளி மணிக்கூண்டைத் தாண்டினால் தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடும். ஒரு போன் போட்டால் ஆகாதா என்று சிவசங்கரி எத்தனை தரம் கிண்டலடித்திருப்பாள்!

அப்பாவின் ரேடியோ கூட்டாளி கொளஞ்சி திரையைக் குனிந்து பார்த்தார்.

"அப்பாவோட ரேடியோ பேர, அந்தக் கால்சைன எடுத்துடு பாப்பா. ஆளு போனப்புறம் அந்தப் பேரு ரேடியோல போவக் கூடாது. எங்க வழக்கம்."

"அப்ப யாரு பேர்ல போவும் மாமா?"

"உன்னுதுதான் இருக்குதே."

இருந்தது. அப்பாவின் நச்சரிப்பு தாங்காமல் லைசென்ஸ் பரீட்சை எழுதி வாங்கியது. வாங்கியதோடு சரி.

அப்பாவின் கால்சைன் எழுத்துகளை ஒவ்வொன்றாக அழித்தாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே தன்னுடையதை அடித்தாள். ஸ்கூட்டர் நின்றுவிட்டால் ட்ராக்கர் அனுப்பாதபடி அப்பா வைத்திருந்தார், பேட்டரி தாங்கட்டுமென்று. அதையும் மாற்றி, நின்றாலும் நிமிஷத்துக்கு ஒரு தரம் அனுப்பும்படி செய்தாள். அங்கே நிற்பதும் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

கொளஞ்சி அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினார்.

தலைமுழுகிய ஈரத்தோடு அம்மா லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். புள்ளி மெல்லப் போயிற்று. மணிக்கூண்டைத் தாண்டியது. கருவடிக்குப்பம் சுடுகாட்டில் நின்றது.

"அங்கதானடி?"

"அங்கதாம்மா."

பக்கத்து வீட்டிலிருந்து யாரோ அம்மாவுக்குக் காபி கொண்டுவந்து நீட்டினார்கள். அது ஆறி ஆடை கட்டியது.

வெகு நேரம் கழித்துப் புள்ளி அசைந்தது. போன வழியிலேயே திரும்பி வந்தது. மணிக்கூண்டைத் தாண்டியது.

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். லைட்டர் சொடுக்கும் சத்தம் கேட்டது.

"ஐயையோ, சாவு வூட்டுல அடுப்பு பத்த வைக்கிறாளே!" என்று கூடத்தில் ஒருத்தி எழுந்தாள். சிவசங்கரி அவளை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அடுப்பில் தோசைக்கல் இருந்தது. அம்மா அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு தானே அடுப்பை அணைத்தாள்.

"கொளஞ்சி வந்துடுவாரு. காலு கழுவ தண்ணி எடுத்து வைடி."

முந்தானையால் பிடித்துத் தோசைக்கல்லை எடுத்து, ஆணியில் மாட்டினாள்.